கொரியன் ஜாங்கு தாளம் எவ்ளோ சிக்கல்னு அளக்குறது எப்படி? கட்டம் போடுறதுல இருந்து காதுல சரிபாக்குற வரைக்கும்

ஜாங்குவ முதல் தடவை கேக்குறவங்க ரெண்டு விதமா சொல்வாங்க. ஒருத்தர் "ஒரே அடியத்தானே திரும்பத் திரும்ப அடிக்கிறாங்க"ன்னுவார், பக்கத்துல இருக்கறவர் "எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே பிடிபடல"ன்னுவார், ரெண்டு பேரும் கேட்டது ஒரே தாளம். இதுல யாரு சொல்றது சரின்னு நம்பர் போட்டுப் பாக்கலாமேன்னு ஆரம்பிச்சேன். போட்ட முதல் கணக்குல விடை பூஜ்யம்னு வந்துச்சு. தப்பு எங்கன்னு தேடுனதுலதான் இந்த வேலையே எனக்கு புரிஞ்சுது, அதனால அந்த பூஜ்யத்தையும் சேத்தே சொல்றேன்.

மொதல்ல வாத்தியம். ஜாங்குன்னா உடுக்கைய பெருசாக்கி படுக்க வெச்ச மாதிரி, நடுவுல இடுப்பு ஒடுங்குன மரக்கூடு, ரெண்டு பக்கமும் தோல். இடது பக்கம் தடிச்ச தோல், அத அடிக்கிற குச்சிக்கு குங்ச்சேன்னு பேரு, நுனியில உருண்டையா ஒரு கட்டை இருக்கும், கும்முனு விழும். வலது பக்கம் மெல்லிய தோல், யொல்ச்சேங்கற மூங்கில் குச்சி, சுள்ளுனு கேக்கும். பாட்டுக்கு உக்காந்து வாசிக்கிறப்ப இடது பக்கத்த வெறும் கையாலயே தட்டுவாங்க.

அடிகளுக்கு வாய்ல சொல்ற சொல்லு இருக்கு, நம்ம சொற்கட்டு மாதிரியேதான். ரெண்டு பக்கமும் சேந்து விழுந்தா தொங். இடது மட்டும் குங். வலது மட்டும் தொக். வலதுல ஒரு குட்டி அடிய முன்னாடி தொத்த வெச்சு அடிச்சா கிதொக். குச்சிய தோல்ல துள்ள விட்டு உருட்டுனா தொரொரொரொ. இந்த அஞ்சு சொல்லு தெரிஞ்சா கீழ இருக்கறதெல்லாம் புரியும்.

தாளச் சுத்துக்கு ஜாங்தான்னு பேரு. அது வெறும் அடிகளோட வரிசை இல்ல, வேகம், எங்க அழுத்தம், எந்த மாதிரி பாட்டுக்கு, எல்லாம் சேந்த ஒரு மூட்டை. அளக்கும்போது இத மறந்துராதீங்க.

முதல் படி: எந்த சிக்கல்னு முடிவு பண்ணுங்க

"தாளம் சிக்கலா இருக்கு"ங்கறது நாலஞ்சு வேற வேற விஷயத்துக்கு நாம சொல்ற ஒரே வார்த்தை. கேக்குறவனுக்கு பிடிபடலையா? வாசிக்கிறவன் கைக்கு கஷ்டமா? அடுத்து என்ன வரும்னு ஊகிக்க முடியலையா? எதிர்பாத்த இடத்துல அடி விழாம நழுவுதா? ஒவ்வொண்ணுக்கும் வேற அளவுகோல், ஒண்ணுல மேல வர்றது இன்னொண்ணுல கீழ வரும். ஒரே நம்பர்ல முடிச்சுரலாம்னு நினைச்சா ஏமாந்துருவீங்க.

ரெண்டாம் படி: ரெக்கார்டிங்

சாமுல்நோரி குழுவ, அதாவது நாலு தாள வாத்தியம் சேந்து வாசிக்கிற குழுவ, அப்படியே போன்ல பதிவு பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டு அலசுறது, நான் பண்ண முதல் முட்டாள்தனம். நாலு வாத்தியம்: க்வெங்க்வாரிங்கற சின்ன வெண்கலத் தட்டு, ஜிங்குங்கற பெரிய தட்டு, ஜாங்கு, அப்புறம் புக்குங்கற பீப்பா முரசு. இதுல க்வெங்க்வாரி மத்த மூணையும் முழுங்கிருது. நாற்பது நிமிஷ பதிவுல ஜாங்குவோட இடது பக்கம் ஒரு அடி கூட தனியா தெரியல, அன்னிக்கு ஒரு நாள் போச்சு.

தனி ஜாங்குல ஆரம்பிங்க. ரெண்டு மைக், ஒவ்வொரு தோலுக்கும் ஒண்ணு, ஒரே ரெக்கார்டர்ல இடது வலது சேனலா. ஒரு வீடியோவும் எடுத்து வெச்சுக்கங்க, ஏன்னா பூங்முல் ஸ்டைல்ல, அதாவது கிராமத்துல வயல்லயும் தெருவுலயும் கூட்டமா ஆடிக்கிட்டே வாசிக்கிற பாணியில, இடது கை குங்ச்சே தாவி வலது தோலயும் அடிக்கும். ஆடியோ மட்டும் பாத்தா எந்த கைன்னு கண்டுபிடிக்க முடியாது. அதனால உங்க ஃபைல்ல "எந்த தோல்", "எந்த கை"ன்னு ரெண்டு நெடுவரிசை தனியா இருக்கணும்.

அடி விழுற நேரத்த எடுக்க சோனிக் விஷுவலைசர்ங்கற மென்பொருள் போதும், இலவசம். பைத்தான் தெரிஞ்சவங்க லிப்ரோசாங்கற ஒலி அலசுற லைப்ரரிய போடுவீங்க, அதுல ஒரு குழி இருக்கு, சொல்லிர்றேன். டீஃபால்ட்டா அது ஒலிய 22,050 ஹெர்ட்ஸுக்கு மாத்தி 512 சாம்பிளுக்கு ஒரு தடவைதான் பாக்கும், அதாவது 23 மில்லிசெகண்டுக்கு ஒரு பார்வை. வேகமா போற ஜாஜின்மொரிங்கற ஜாங்தான்ல ஒரு பீட் 0.6 செகண்ட்னு வெச்சா, அத மூணா பிரிச்சா ஒரு கட்டம் 200 மில்லிசெகண்ட், அதுல 23ன்னா பத்து சதவீதத்துக்கு மேல பிசகு. கட்டத்துல அடி எங்க உக்காருதுன்னு மட்டும் பாக்க இது போதும், ஆனா வாசிக்கிறவர் எவ்ளோ முன்னாடி பின்னாடி தள்றாருன்னு பாக்கணும்னா ஒலிய 44,100லயே வெச்சு 512ங்கறத 64 ஆக்குங்க, ஒன்றரை மில்லிசெகண்ட் வரைக்கும் வரும்.

இன்னொண்ணு, கிதொக்க மெஷின் ரெண்டு அடியா எண்ணும். தொரொரொரொவ நாலோ அஞ்சோன்னு எண்ணும், தடவைக்குத் தடவை மாறும். ரெண்டையும் கையால சரிபாக்காம மேல போகாதீங்க.

மூணாம் படி: கட்டத்துல போடுறது

தாளத்த சமமான கட்டமா பிரிச்சு, அடி இருந்தா குறி, இல்லன்னா காலி. இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்து ஐடியான்னு நினைக்காதீங்க. 15ஆம் நூற்றாண்டுல செஜோங் ராஜா காலத்துலயே கொரியாவுல ஜொங்கான்போன்னு ஒரு இசைக்குறிப்பு வந்துருச்சு, கிணத்து வாய் மாதிரி சதுரக் கட்டம், மேல இருந்து கீழ படிக்கணும், ஒரு கட்டம் ஒரு கால அளவு. செஜோங் காலத்துல வரிசைக்கு 32 கட்டம், பின்னாடி வந்த செஜோ ராஜா அத 16 ஆக்கி 3, 2, 3, 3, 2, 3ன்னு பிரிச்சாரு. இன்னிக்கும் ஜாங்கு பாடத்துல இந்த கட்டம்தான், அதனால பாதி வேலை உங்களுக்காக எப்பவோ முடிஞ்சு போச்சு.

மூணு ஜாங்தான் எடுத்துக்குவோம். எல்லாம் ஆரம்பத்துல கத்துக்கற அடிப்படை வடிவம், புள்ளி வெச்சது காலி கட்டம்.

குத்கொரி, 12 கட்டம்:
தொங் · கிதொக் | குங் தொரொரொரொ · | குங் · கிதொக் | குங் தொரொரொரொ ·

ஜாஜின்மொரி, 12 கட்டம்:
தொங் · · | குங் · · | குங் · தொக் | குங் · ·

செமாச்சி, 9 கட்டம், அரிராங்கற கொரியன் நாட்டுப்பாட்டுக்குப் போடுறது:
தொங் · · | தொங் · தொக் | குங் தொக் ·

இதுல உருட்ட ஒரே அடியா எண்ணிருக்கேன். இத ஃபைல் தலைப்புலயே எழுதி வெச்சுருங்க, ஏன்னு அஞ்சாம் படில தெரியும்.

நாலாம் படி: எளிய கணக்குகள்

அடர்த்தி. குத்கொரி 12ல 8, செமாச்சி 9ல 5, ஜாஜின்மொரி 12ல 5. சிக்கலப் பத்தி இது ஒண்ணும் சொல்லாது, ஆனா மத்த நம்பர படிக்க உதவும்.

இடைவெளியோட என்ட்ரோபி, அதாவது அடுத்தது என்னன்னு ஊகிக்க எவ்ளோ கஷ்டம்னு பிட் கணக்குல சொல்றது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல எத்தன கட்டம்னு எழுதுங்க. குத்கொரிக்கு 2, 1, 1, 2, 2, 1, 1, 2. நாலு ஒண்ணு, நாலு ரெண்டு, பாதிக்குப் பாதி, காசு சுண்டுற மாதிரி, சரியா 1 பிட். ஜாஜின்மொரிக்கு 3, 3, 2, 1, 3, அது 1.37 பிட். செமாச்சிக்கு 3, 2, 1, 1, 2, அது 1.52. ஆக குத்கொரிதான் ரொம்ப எளிசாம்! வாசிச்சுப் பாத்தவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

என்பிவிஐ. பேச்சு மொழியோட லயத்த அளக்க வந்தது, அப்புறம் சங்கீதக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. பக்கத்து பக்கத்து ரெண்டு இடைவெளியோட வித்தியாசத்த அந்த ரெண்டோட சராசரியால வகுத்து, எல்லா ஜோடிக்கும் சராசரி எடுத்து, நூறால பெருக்கணும். ஜாஜின்மொரி 51.7, செமாச்சி 43.3, குத்கொரி 38.1. இங்கயும் குத்கொரி கடைசி, ஆனா மேல இருக்கற ரெண்டும் இடம் மாறிருச்சு பாருங்க.

நழுவல், அதாவது சின்கோபேஷன். லாங்கே-ஹிகின்ஸும் லீயும் 1984ல குடுத்த வழி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பலம்: 12 கட்டத்துல முதல் கட்டம் 0, ஏழாவது மைனஸ் 1, நாலாவதும் பத்தாவதும் மைனஸ் 2, மத்ததெல்லாம் மைனஸ் 3. பலமில்லாத கட்டத்துல அடி விழுந்து, அடுத்த அடிக்குள்ள பலமான கட்டம் ஒண்ணு காலியா போச்சுன்னா, அந்த ரெண்டு பலத்தோட வித்தியாசம்தான் நழுவல். இடையில நாலு கட்டம் காலியா இருந்தா அதுல பலமானது மட்டும் கணக்கு.

போட்டுப் பாத்தா குத்கொரி 0. ஜாஜின்மொரி 0. செமாச்சியும் 0, அதுக்கு முதல் கட்டம் 0, நாலும் ஏழும் மைனஸ் 1, மிச்சம் மைனஸ் 2ன்னு வெச்சுக்கணும்.

மூணுமே பூஜ்யம்! நானும் கோட்ல பக் இருக்குன்னு ரெண்டு நாள் தேடுனேன். பக் இல்ல. மூணு ஜாங்தான்லயும் பலமான கட்டத்துல எல்லாம் ஏதோ ஒரு அடி இருக்கு, அதனால நழுவ இடமே இல்ல. கணக்கு சரி, கேட்ட கேள்விதான் தப்பு.

அஞ்சாம் படி: ரெண்டு கையையும் பிரிங்க

தொங், குங், தொக் எல்லாத்தையும் வெறும் "அடி"ன்னு ஒரே கோட்டுல போட்டுட்டோம். ஆனா ஜாங்கு ரெண்டு குரல் இருக்கற வாத்தியம். பிரிச்சு எழுதுங்க.

குத்கொரி இடது: 1, 4, 7, 10.
குத்கொரி வலது: 1, 3, 5, 9, 11.

இடது கை மூணு மூணு கட்டமா நேரா நடக்குது, கடிகாரம் மாதிரி. வலது பாருங்க, எல்லாமே ஒத்தப்படை. 1, 3, 5, அப்புறம் 7 மட்டும் விட்டுட்டு 9, 11. அதாவது வலது கை ரெண்டு ரெண்டு கட்டமா நடக்குது! ஒரே சுத்துல ஒரு கை நாலா பிரிக்குது, இன்னொரு கை ஆறா பிரிக்குது, நடுவுல ஏழாவது கட்டத்துல வலது சும்மா ஒதுங்கி நின்னு இடதுக்கு வழி விடுது. குத்கொரில அந்த தோள் அசைவு வர வைக்கிற இழுவை இந்த மோதல்ல இருந்துதான் வருதுங்கறது என் எண்ணம், கொரியன் வாத்தியார் யாராவது வேற சொன்னா கேட்டுக்கறேன்.

இப்ப வலதுக்கு மட்டும் நழுவல் போடுங்க. மூணுல அடி, நாலு காலி, 1. அஞ்சுல அடி, ஏழு காலி, 2. ஒம்பதுல அடி, பத்து காலி, 1. மொத்தம் 4. ஜாஜின்மொரிக்கு வலது கை 1ம் 9ம் மட்டும்தான், நழுவல் 1. செமாச்சிக்கு வலது 1, 4, 6, 8, அதுக்கும் 1. பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்னு இருந்தது இப்ப 4, 1, 1. வாசிக்கிற கைக்கு தெரியுறதும் இதேதான்.

சொற்களோட என்ட்ரோபியும் போடுங்க, எந்த சொல் எத்தன தடவைன்னு. குத்கொரில தொங் 1, குங் 3, கிதொக் 2, தொரொரொரொ 2, இது 1.91 பிட், மூணுல மேல வந்துருச்சு. ஜாஜின்மொரி 1.37, செமாச்சி 1.52, இடைவெளிக்கு வந்த அதே நம்பர், அது தற்செயல், அதுல அர்த்தம் தேடாதீங்க (நான் ஒரு சாயங்காலம் பூரா தேடுனேன்).

உருட்டு விஷயத்துக்கு வர்றேன். காட்ஃப்ரைட் தூசான்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர் ஒருத்தர் குடுத்த அளவு ஒண்ணு இருக்கு: 12 கட்டத்த கடிகாரம் மாதிரி வட்டமா போட்டு, முதல் கட்டத்துல இருந்து எந்த ஒழுங்கான பிரிப்பு பண்ணாலும், ரெண்டா மூணா நாலா ஆறா எப்படி வெட்டுனாலும், தொடாத கட்டங்கள்னு நாலுதான் மிஞ்சும்: 2, 6, 8, 12. அதுல எத்தன அடி விழுதுன்னு எண்ணணும். குத்கொரில காலியா இருக்கற கட்டங்கள மறுபடி பாருங்க, 2, 6, 8, 12! ஒண்ணு கூட பிசகாம அதே நாலு. அதனால இந்த அளவுல பூஜ்யம். ஆனா உருட்டு அடுத்த கட்டம் வரைக்கும் நீளுதுன்னு நீங்க 6லயும் 12லயும் அடி போட்டா பூஜ்யம் 2 ஆயிரும். நழுவல் கணக்கோ அப்பவும் 4தான், அசையல. ஒரே வாசிப்பு, நீங்க எடுத்த ஒரு முடிவால ஒரு நம்பர் மாறுது, ஒண்ணு மாறல. எழுதி வெக்கச் சொன்னது இதுக்குத்தான்.

ஆறாம் படி: பலத்த எங்க வெக்கிறது

மேல போட்ட 0, மைனஸ் 1, மைனஸ் 2 எல்லாம் மேற்கத்திய சங்கீதத்த மனசுல வெச்சு செஞ்சது. ஜுங்மொரின்னு 12 பீட் ஜாங்தான் இருக்கு, பான்சோரி கதைப்பாட்டுல நிறைய வரும். அங்க பாடுறவர் கூட புக் வாசிக்கிறவருக்கு கோசுன்னு பேரு (கொசு இல்ல). ஜுங்மொரில கோசு பளிச்சுனு முரசோட மரத்துல அடிக்கிற இடம் ஒம்பதாவது பீட். தள்ளு, தொங்க விடு, முடிச்சு போடு, அவுத்து விடுன்னு ஒரு சுத்த நாலா பிரிச்சு சொல்வாங்க, அந்த முடிச்சு விழுற இடம் அது. மேற்கத்திய பாணில பலம் குறிச்ச அட்டவணைப்படி ஒம்பது ஒரு பலவீனமான கட்டம், அதுல பெரிய அடி விழுந்தா "ஆஹா நழுவல்"னு கணக்கு கத்தும். அங்க கேட்டு வளந்தவங்களுக்கு அந்த அடிதான் வீட்டு வாசப்படி, அது விழலன்னாதான் அதிர்ச்சி.

அதனால பலத்த நீங்களா கண்டுபிடிங்க. அதே ஜாங்தான்ல ஒரு நூறு சுத்து எடுத்து, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தன தடவை அடி விழுந்துச்சு, எவ்ளோ சத்தமா விழுந்துச்சுன்னு சராசரி போட்டு, அதையே பலமா வெச்சு நழுவல மறுபடி கணக்கிடுங்க. ரெண்டு விடையையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. வித்தியாசம் பெருசா இருந்தா முதல் அட்டவணை அந்த ஜாங்தானுக்கு பொருந்தலன்னு அர்த்தம்.

ஒத்மொரி மாதிரி 10 கட்ட ஜாங்தான்லயும் இதே கதை. அது 3, 2, 3, 2. கண்ட நடைல, அதாவது அஞ்சஞ்சா போற தாளத்துல, பழகுன காதுக்கு தக்கிட தக தக்கிட தகன்னு உடனே உக்காந்துரும், ஆனா பாதியா பாதியா வெட்டுற அட்டவணைய அதுல திணிச்சா குப்பை நம்பர்தான் வரும். பான்சோரில விசித்திரமான ஆளு வர்ற இடத்துல, புலி மலைய விட்டு இறங்கி வர்ற இடத்துல இத போடுவாங்க, காரணம் கேட்டாலே தெரியும்.

நீளமானதுக்கு வாங்க: ச்சில்ச்சே. 36 கட்டம், ரெண்டும் மூணுமா பிரிஞ்சு ஓடும், ஒரு சுத்துக்கு ஜிங் ஏழு தடவை விழும், பேருலயே ஏழு இருக்கு. இத 9 கட்ட செமாச்சியோட நேரா ஒப்பிடாதீங்க, மொத்த நழுவல அடிகளோட எண்ணிக்கையால வகுத்துட்டு ஒப்பிடுங்க. குத்கொரி வலது கைக்கு 5 அடில 4, அதாவது 0.8. செமாச்சிக்கு 4ல 1, 0.25. ஜாஜின்மொரிக்கு 2ல 1, 0.5, இதுல ரெண்டே அடிங்கறதால ரொம்ப நம்பாதீங்க.

ஏழாம் படி: முழு வாசிப்பு

அடிப்படை வடிவத்த அப்படியே அஞ்சு நிமிஷம் யாரும் வாசிக்க மாட்டாங்க. 1978ல கிம் தொக்-சுவும் கூட்டாளிகளும் சியோல்ல ஒரு சின்ன அரங்குல கிராமத்து பூங்முல்ல உக்காந்து வாசிக்கிற மேடைக் கச்சேரியா மாத்துனாங்க, அதான் சாமுல்நோரி, அதுல ஒவ்வொரு சுத்தும் கொஞ்சம் மாறும், வேகம் ஏறிக்கிட்டே போகும். இத அளக்க ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் எத்தன கட்டம் மாறுச்சுன்னு எண்ணி கிராஃப் போடுங்க. எங்க தட்டையா இருக்கு, எங்க எகிறுதுன்னு பாத்தா வாசிக்கிறவர் எங்க கதை சொல்றாருன்னு தெரியும். லெம்பல்-ஸிவ் மாதிரி சுருக்கிப் பாக்குற அளவுகள 12 கட்டத்துல போட்டா வீண், சரம் ரொம்ப குட்டி. முழு வாசிப்பையும் ஒரு சொல்லுக்கு ஒரு எழுத்துன்னு நீளமா எழுதி, அதுக்கு போடுங்க.

ஒரு செகண்டுக்கு எத்தன அடின்னும் கூடவே குறிங்க. வேகம் ஏறும்போது கிதொக் சாதா தொக் ஆயிரும், உருட்டு காணாமப் போயிரும், கட்டத்துல சிக்கல் குறையும், கைக்கு வேலை ஏறும். முதல் படில எந்த சிக்கல்னு முடிவு பண்ணச் சொன்னது இந்த இடத்துக்குத்தான், இங்க ரெண்டு கோடும் எதிரெதிரா போகும்.

எட்டாம் படி: காதுல சரிபாருங்க

பத்துப் பேர உக்கார வெச்சு ஒவ்வொரு பதிவையும் ஒன்னுல இருந்து ஏழு வரைக்கும் மார்க் போடச் சொல்லுங்க, கூடவே கை தட்டச் சொல்லி அதையும் பதிவு பண்ணுங்க. ஜாங்கு கத்துக்கிட்டவங்களையும் கேட்டே இராதவங்களையும் கலக்காம தனித்தனியா வெச்சுக்கங்க. மார்க் வரிசையும் உங்க நம்பர் வரிசையும் ஒத்துப் போகுதான்னு ஸ்பியர்மன் முறைல பாருங்க. கை தட்டுறது மார்க்க விட உண்மைய சொல்லும், "ஈஸி"ன்னு மார்க் போட்டுட்டு ஒத்மொரில மூணாவது சுத்துலயே தட்டு தவறுறவங்க நிறைய.

கடைசியா ஒரு வேலை பாக்கி. ஒரு நிமிஷப் பதிவ எடுத்து நீங்களே கட்டத்துல குறிச்சு வெச்சுட்டு, ஒரு மாசம் கழிச்சு பழசப் பாக்காம மறுபடி குறிங்க. எனக்கு முதல் தடவை உருட்டு இருந்த இடத்துல எல்லாம் மாறியிருந்துச்சு. ரெண்டு குறிப்புக்கும் நடுவுல வர்ற வித்தியாசம் ரெண்டு ஜாங்தானுக்கும் நடுவுல வர்ற வித்தியாசத்த விட பெருசா இருந்தா, அந்த டேபிள யாருக்கும் அனுப்பாதீங்க, ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு திரும்ப மூணாம் படிக்கு போங்க.